தூங்கிக் காட்டுதல்

பவானி கடைசியாகத் தூங்கியது கல்யாணத்துக்கு முன்பு. தூக்கத்தையே விரட்டும் உஷார் மாத்திரை போடுகிறவர்களுக்குத்தான் பதவி உயர்வு என்றது அலுவலகம், போட்டாள். கர்ப்பத்திலும் போடலாம் என்றது, அப்போதும் போட்டாள்.

குழந்தையைத் தொட்டிலில் போடும் விசேஷத்துக்கு மேலாளர் ஜெயசீலன் பூங்கொத்தோடு வந்திருந்தார். "பிறந்ததிலிருந்தே தூங்காத முதல் குழந்தை. மனித குலத்தின் அடுத்த படி" என்று சேலைத் தொட்டிலைப் பார்த்துச் சொற்பொழிவாற்றிவிட்டு, இரண்டாவது தட்டு கேசரிக்குப் போனார்.

நாத்தனார் கோமளம் தாலாட்டுப் பாடினாள். கேட்டுக்கொண்டிருந்த மாமாக்கள் இருவர் நாற்காலியிலேயே குறட்டை விட்டார்கள். குழந்தை மட்டும் பல்லில்லாத ஈறுகளை அரைத்தபடி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"டாக்டர் என்ன சொல்றாரு?" பாட்டை நிறுத்திவிட்டு பவானியிடம் கேட்டாள் கோமளம்.

"தூங்காமயே இருந்தா இதயம் தாங்காதாம் அண்ணி. மருந்து எதுவும் இல்லையாம். அதுவாத் தூங்கினாத்தான் உண்டாம்."

"தொட்டிலை விடு. பக்கத்துல படுத்து நீ தூங்கிக் காட்டு. உன்னப் பார்த்துத் தூங்கிரும்."

"தூக்கத்துக்கு நான் எங்க அண்ணி போறது?"

"நடி. ஆபீசுல வேலை செய்யற மாதிரி நடிக்கலையா?"

பவானி குழந்தையோடு பாயில் படுத்துக் கண்ணை மூடினாள். மூச்சை நிதானமாக இழுத்து விட்டாள். கொஞ்ச நேரத்தில் ஈறுகள் அரைபடும் சத்தம் நின்றது. குழந்தையின் மூச்சும் அவள் மூச்சைப் போலவே சீராக வந்தது. நெஞ்சு குளிர, ஒரு கண்ணை மட்டும் மெல்லத் திறந்தாள்.

குழந்தையும் ஒரு கண்ணை மட்டும் திறந்து, அவள் தூங்கிவிட்டாளா என்று பார்த்துக்கொண்டிருந்தது.