ஷமாரெல் ஏற்றம்

1994 ஜூலை 17, ஞாயிறு. இரண்டாவது வளைவில் கியர் மாற்றத் தாமதித்தேன். பிழை என்னுடையது.

கோயில் மாலை வகுப்பில் தினமும் தமிழில் நாலு வரி எழுதச் சொல்லியிருந்தார்கள். முதல் இரண்டு வரியை எழுதிவிட்டு, வேறு எங்கே தவறினோம் என்று விஸ்வம் அன்றைய காலையை மறுபடி ஓட்டிப் பார்த்தான்.

ரெயூனியோன் தீவில் நடக்கும் பந்தயத்துக்கு, அவன் வேலை செய்யும் ஓட்டலின் சைக்கிள் குழுவில் ஒரே ஓர் இடம்தான் மிச்சம். அவன் அல்லது ஃப்ரான்சிஸ்.

ஷமாரெல் மலையடிவாரத்தில் பயிற்சியாளர் பெர்னார் புதிய கார்பன் சைக்கிளை இவன் பக்கம் உருட்டினார். ஃப்ரான்சிஸுக்கு வழக்கமான இரும்பு சைக்கிள்.

ஓட்டலின் சைக்கிள் கொட்டகையில் அதைப் பாகம் பாகமாகச் சேர்த்துப் பூட்டியவனே விஸ்வம்தான். ஒரு கையில் தூக்கலாம் என்று தெரியும். மலையில் எப்படி இருக்கும் என்று தெரியாது.

கரும்புத் தோட்டம் முடிந்து சாலை செங்குத்தாக நிமிர்ந்த இடத்தில் தெரிந்தது.

இரும்பில், அந்த இடத்தில், இன்னொரு ஆளை இழுத்துக்கொண்டு ஏறுவது போலிருக்கும். இன்று அந்த ஆள் இறங்கிப் போயிருந்தான். எழுந்து நின்று மிதித்தால், மிதித்தது அப்படியே சாலைக்குப் போனது.

இதே ஏற்றத்தில் எத்தனையோ முறை அவன் முதுகில் உள்ளங்கை வைத்துத் தள்ளிவிட்டவன் ஃப்ரான்சிஸ்.

“ஏ விஸ்வம், மேல போய் எனக்கும் ஒரு டீ சொல்லி வை” என்றான் பின்னாலிருந்து, சிரித்துக்கொண்டே.

அடுத்த வளைவில் சிரிப்பு இல்லை.

“ஆத்தான், ஃப்ரேர்” என்று கிரியோலில் கத்தினான். “கொஞ்சம் நில்லு.”

ஃப்ரான்சிஸ் அப்படிக் கேட்டதே கிடையாது. கேட்க இனிப்பாக இருந்தது. விஸ்வம் இன்னும் அழுத்தி மிதித்தான்.

காரில் முன்னே போய் உச்சியில் நின்ற பெர்னார் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “எப்படி இருந்துச்சு? உள்ளதைச் சொல்லு” என்றார்.

விஸ்வம் எதையும் ஒழுங்காகச் சொல்பவன். எடையே தெரியவில்லை என்றான். செங்குத்தான இடத்தில்கூடத் தொடை எரியவில்லை, பின்னாலிருந்து யாரோ தள்ளுவது போலிருந்தது என்றான். எதையும் விட்டுவிடவில்லை.

அவன் சொல்லி முடிப்பதற்குள் ஃப்ரான்சிஸ் வந்துவிட்டான். ஹேண்டில்பாரில் தலையைச் சாய்த்து, வாயால் மூச்சு வாங்கினான்.

பெர்னார் மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார்.

“அந்த இரும்பை இழுத்துக்கிட்டு, இவ்வளவு சீக்கிரமா?”

பிறகு விஸ்வத்தின் தோளை அன்பாகத் தட்டினார். “நல்லா விவரமா சொன்னே, தம்பி. ஏறினது நீயா, சைக்கிளான்னு எனக்குப் புரிஞ்சுபோச்சு.”

ஃப்ரான்சிஸ் விஸ்வத்தைப் பார்க்கவில்லை. சைக்கிளைப் பார்த்தான்.

வேறு பிழை எதுவும் விஸ்வத்துக்குக் கிடைக்கவில்லை. கடைசி இரண்டு வரியை எழுதினான்.

நாளை: ஃப்ரான்சிஸ் என்னைவிட உயரம். கார்பன் சைக்கிளின் சீட்டை அவனுக்காக இரண்டு விரல் ஏற்ற வேண்டும்.