சம்மாட்டியின் சாட்சி

"அண்ணை வராட்டில் எல்லாம் முடிஞ்சுது" என்று மதலேனா குசினிக்குள் நின்று முணுமுணுத்தாள். அவள் புருசன் அம்புறோஸ் வாசலில் நின்று தாழ்வுபாட்டு வீதியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

உள்ளே கதிரையில் கொழும்பிலிருந்து வந்த வஸீர் உட்கார்ந்திருந்தார். வானொலிகள் கட்டும் பணத்தைப் பாட்டெழுதியவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் சங்கத்தின் உத்தியோகத்தர் அவர். பின்னேர பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று இரண்டு தரம் சொல்லிவிட்டார்.

வலை இழுக்கும்போது பாடுவதற்கென்று அம்புறோஸ் கட்டிய பாட்டை யாரோ ஒரு கொழும்புப் பாடகர் பாடிவிட்டார். இப்போது விடிந்தால் பொழுதுபட்டால் வானொலியில் அதுதான். ஆனால் அறிவிப்பாளர் ஒவ்வொரு முறையும் 'மன்னார் நாட்டார் பாடல்' என்று சொல்வார், அம்புறோஸுக்கு வயிறு பற்றி எரியும். நாட்டார் பாடலுக்கு எழுதியவன் என்று ஒருவன் இல்லை, ஆகவே யாருக்கும் ஒரு சதமும் இல்லை.

இதுவரை அந்தப் பாட்டால் அவன் கண்ட வரும்படி, தேத்தண்ணிக் கடையில் யாரோ வாங்கிக் கொடுத்த ஒரு பிளேன்ரீதான். அவனுடைய வள்ளத்து எஞ்சினோ சரிபுதீன் கடையில் ஈட்டில் கிடக்கிறது. எஞ்சின் வராமல் கடலுக்குப் போக வழியில்லை.

"பாட்டை எங்கயாவது எழுதி வைச்சிருக்கிறீங்களா?" என்று வஸீர் கேட்டார்.

"இல்லை சேர். கரையில நிண்டு வாயாலை கட்டினது. கூட இழுத்தவங்கள் பாடிப் பாடி ஊரெல்லாம் பரவிட்டுது."

"நான் உங்களை நம்புறன். ஆனா ஊரில மதிப்பான ஒரு ஆள் சொல்ல வேணும். அதை வைச்சு இண்டைக்கே முடிவு சொல்லிட்டுப் போறன்."

"மனிசியின்ர தமையன், அமிர்தநாயகம் சம்மாட்டி, இப்ப வந்திடுவார். அவருக்குச் சொந்தமான வலையை இழுக்கேக்கைதான் நான் அதைக் கட்டினனான். அவரும் பக்கத்தில நிண்டவர்."

தண்ணி எடுக்கக் குசினிக்குள் வந்தவனை மதலேனா மறித்தாள். "என்ன சொல்ல வேணுமெண்டு அண்ணைக்குச் சொல்லிக் குடுத்தனீங்களோ?"

"எங்கட பாட்டு கையை விட்டுப் போகப் பாக்குது, வந்து சாட்சி சொல்லுங்கோ எண்டனான். அவருக்கு நான் பாடம் எடுக்கிறதோ? அயல்கரைக்காரர் வழக்கு வைச்ச நேரம், தலைமுறைக் கணக்குச் சொல்லியே எங்கட கரையை மீட்ட மனிசன்."

வஸீர் எழுந்து பையைத் தோளில் போட்டார். அம்புறோஸ் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான். கெஞ்சிப் பழக்கமில்லாதவன், வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அஞ்சு நிமிசம், சேர்."

அப்போதுதான் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. சம்மாட்டி வெள்ளைச் சாரமும் சேட்டுமாக, பூசைக்குப் போகிறவர் மாதிரி இறங்கி வந்தார். மதலேனா சிலுவை போட்டுக்கொண்டாள், அம்புறோஸுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"இந்தப் பாட்டு ஆரின்ர எண்டு உங்களுக்குத் தெரியுமா?" என்று வஸீர் நின்றபடியே கேட்டார்.

சம்மாட்டி மச்சானைப் பார்த்து, 'நீ பயப்படாதை' என்பதுபோல் கண்ணைக் காட்டினார். தொண்டையைச் செருமி, நெஞ்சில் கையை வைத்தார்.

"அந்தோனியார் அறிய எங்கடதான் சேர், பூட்டன்ர காலத்திலயிருந்து பாடி வாறம்."