கஞ்சி போட்ட பழவேட்டி

இஸ்திரிப் பெட்டியின் மூடியைத் திறந்து ஏலவார்குழலி நாலு ஊது ஊதினாள். கொட்டாங்கச்சிக் கரி சிவந்தது.

பலகைமேல் கிடந்த பழைய வேட்டி ஜவ்வரிசிக் கஞ்சியில் நனைந்து பாதி காய்ந்திருந்தது. ரேஷன் அரிசிக் கஞ்சி என்றால் தெருவே மூக்கைப் பிடித்துக்கொள்ளும். பச்சைக் குழந்தைக்குத் தைக்கிற துணிக்கு அது ஆகாது.

கஞ்சியே போடாமலும் ஆகாது. பத்து வருஷம் துவைத்துத் துவைத்துத் துவண்டுபோன துணி. கத்தரி வைத்தால் நழுவும். மிஷினில் வைத்தால் ஊசி அதை உள்ளே இழுத்து விழுங்கிவிடும். கஞ்சி போட்டு, பெட்டி போட்டு, அப்பளம் மாதிரி விறைக்க வைத்துத்தான் வெட்ட வேண்டும். தைத்து முடித்து மூன்று தண்ணீரில் அலசினால் கஞ்சி போய்விடும், மெத்தென்று சட்டை மட்டும் நிற்கும்.

வேட்டியைக் காலையில் கொண்டுவந்தவள் கங்கையம்மாள். பிள்ளையார்பாளையத்தில் தறிக்காரர் வீடு ஒன்று விடாமல் நூல் சுற்றப் போகிறவள். தெரிந்தவர் வீட்டுக் குழந்தைக்கு முதல் சட்டை என்றாள். அளவு கேட்டதும் தொட்டிலை எட்டிப் பார்த்தாள்.

"உம்புள்ள அளவுக்கே தைச்சிடும்மா. அதுவும் பன்னெண்டு நாள் கொழந்ததான்."

வேட்டியின் ஒரு மூலையில் இரண்டு விரல் அகலத்துக்குத் துணியே இல்லை. எந்த வீட்டுத் துணி என்று தெரிய சலவைக்காரர் குறி போடுகிற இடம் அது. பிளேடால் நறுக்கி எடுத்திருந்தது.

"குறிய வெட்டிக் குடுத்துகிறாங்களே, எந்தக் கொடியில சுட்டதோ" என்று சிரித்துவிட்டு, மிஷினுக்கு எண்ணெய் போடப் போனான் அவள் புருஷன் தணிகாசலம்.

குழலிக்குச் சிரிப்பு வரவில்லை. யார் பெற்றதோ, கொடுத்து வைத்த குழந்தை என்று நினைத்தாள்.

முதல் சட்டையை வீட்டுப் பெரியவர் உடுத்திய பழந்துணியில் தைத்துப் போடுவதுதான் முறை. அவள் பிள்ளையோ இன்னும் துண்டில் கிடந்தான். கூரத்து மாமனார் இவள் வாழ வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். இவளைப் பெற்றவர் நாலு தெரு தள்ளித் தறியில் உட்கார்ந்திருக்கிறார். மகள் தையல்காரனைக் கட்டிக்கொண்டு போன நாளிலிருந்து, வழியில் அவளைக் கண்டால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போகிறவர். பேரன் பிறந்த சேதி போயும் வரவில்லை. அவரிடம் ஒரு பழவேட்டி கேட்க இவளுடைய ரோஷமும் விடவில்லை. புது மல் துணியில் தைத்துவிடலாமே என்று புருஷன் சொன்னதற்கு, நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே இருந்தாள்.

பெட்டியை எடுத்து ஓட்டினாள். கஞ்சி சுர்ரென்றது. சுருக்கமெல்லாம் போய்த் துணி பலகையோடு படிந்தது.

நடுவில் ஓர் இடத்தில் பெட்டி லேசாகத் தடுக்கியது.

விரலால் தடவிப் பார்த்தாள். உளுந்தளவு இடம். துவண்டு கிடந்தபோது கண்ணுக்குத் தெரியாதது, விறைத்ததும் மேடு தட்டியது. அங்கே ஒட்டுப் போடவில்லை, தைக்கவும் இல்லை. மேலே ஒன்று கீழே ஒன்றாக இழை விட்டு, நெய்து அடைத்திருந்தது.

குழலி பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு அந்த இடத்தை மறுபடி தடவினாள்.

பன்னிரண்டு வயதில், பங்குனி உத்திரத்தன்று, அப்பா வேட்டிக்கு நான்தான் பெட்டி போடுவேன் என்று அடம் பிடித்தாள். பொறி பறந்து விழுந்து ஓட்டையாகிவிட்டது. அவள் அழ வாயெடுப்பதற்குள் அப்பா சமையற்கட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தார். அம்மா வரவில்லை. ஓட்டையை இடுப்பு மடிப்புக்குள் சொருகிக்கொண்டு சாமி பார்க்கக் கிளம்பிவிட்டார். மறுநாள் ஓரத்திலிருந்து இழை உருவி, தறியில் உட்கார்ந்தபடியே அதை நெய்து அடைத்தார். அம்மாவுக்குக் கடைசிவரை தெரியாது. அந்த இடத்தை அறிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர்.

குறியை வெட்டத் தெரிந்த மனுஷருக்கு இதை வெட்டத் தெரியாதா?

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. துணியில் சொட்டாமல் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பா வீட்டை விட்டு வந்த இந்த இரண்டு வருஷத்தில் இவ்வளவு சந்தோஷமாக அவள் இருந்ததில்லை.

காகித அளவைத் துணிமேல் வைத்தாள். அந்த உளுந்தளவு இடம் பிள்ளையின் நெஞ்சுக்கு நேராக வருகிற மாதிரி நகர்த்தி வைத்து, கத்தரியை எடுத்தாள்.

சாயங்காலம் கங்கையம்மாள் வாசலில் வந்து நின்று, சட்டை ஆயிற்றா என்று கேட்டாள்.

"தைச்சி, அலசி, காயவெச்சி, போட்டும் வுட்டாச்சிக்கா. போட்டுக்கினு தூங்குறான். அளவு சரியா இருக்குதான்னு அப்பாவையே வந்து பாக்கச் சொல்லு."

கங்கையம்மாள் திரும்பித் தெருமுனையைப் பார்த்தாள்.

அங்கே ஒரு சைக்கிள் நின்றுகொண்டிருந்தது. குழலி வாசலுக்கு வந்த பிறகும் அது திரும்பிப் போகவில்லை.