முனை கடித்த நெல்

அக்கரையிலிருந்து பகை வந்துவிடும் என்று பயந்து, எறும்புப் புற்று வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு படையை நிறுத்தியிருந்தது. பகை வந்ததே இல்லை. படை தங்கிய வளை பெருச்சாளியுடையது. வாடகை அவனுக்கு; தின்ன வெல்லம் வாங்குவதும் அவனிடம். கொடுத்ததெல்லாம் இக்கரை நெல்.

நெல் சுமந்து போன எறும்புகள் வெறும் வாயோடு திரும்பின. மழைக்காலம் பிறந்தபோது களஞ்சியம் காலி. பிள்ளைகள் பசியில் சுருண்டு கிடந்தன.

அப்போது பெருச்சாளி ஒரு மூட்டையோடு வந்தான். "கஷ்டப்படுறீங்கன்னு கேள்விப்பட்டேன். கடனா வச்சுக்குங்க. ஒண்ணுக்கு ரெண்டாத் தந்தாப் போதும்."

களஞ்சியம் காக்கும் எறும்பு செவத்தா ஒரு நெல்லை எடுத்துப் பார்த்தாள். முனை கடிபட்டிருந்தது. சேர்த்து வைத்த நெல் முளைத்துவிடாமலிருக்க எறும்புகள்தான் அப்படிக் கடித்து வைக்கும்.

"இது நான் கடிச்ச நெல்லுய்யா!" என்று தளபதி எறும்பிடம் கத்தினாள். "நம்ம நெல்லை நமக்கே கடன் குடுக்க வந்திருக்கான். படையைத் திரும்பக் கூப்பிடுங்க!"

"கூப்பிட்டா அக்கரையில நம்ம மரியாதை என்னாகிறது?" என்றார் தளபதி. "மூட்டையை வாங்கிப் படைக்கு அனுப்பு. அங்கே வாடகை பாக்கி நிக்குது."

"வாடகைக்குத்தானே?" பெருச்சாளி மூட்டையைத் திரும்ப முதுகில் ஏற்றிக்கொண்டான். "உங்களுக்கு எதுக்கு வீண் சுமை? நானே எடுத்துக்கிறேன். கடனை மட்டும் மறந்துடாதீங்க."

தளபதி செவத்தாவின் கையைப் பார்த்தார்.

"அந்த ஒண்ணையும் குடுத்துடு."