ஆறுக்கு ஆறு

“தங்கச்சிக்குக் கிட்னி குடுக்கப் போறவர் யாருங்க? அடுத்தது நீங்கதான்” என்று நர்ஸ் குரல் கொடுத்ததும், பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் லிஃப்ட் மெக்கானிக்கைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மடியிலிருந்த ஃபைலை இறுக்கிப் பிடித்தபடி தலையைக் குனிந்துகொண்டார்.

பக்கத்தில் இருந்த டீச்சரம்மாவுக்குக் கால் இரண்டும் செருப்புக்குள் அடங்காமல் வீங்கியிருந்தன. “இப்படி ஒரு கூடப்பொறப்பு அமைய உங்க தங்கச்சி குடுத்து வச்சிருக்கணும்” என்றார். “எனக்கும்தான் ஒரு தம்பி இருக்கான். எனக்கு இந்த வியாதின்னு தெரிஞ்ச நாள்லேர்ந்து போனையே எடுக்க மாட்டேங்கிறான்.”

“வேலையா இருந்திருப்பாருங்க...”

“ஏழு மாசமாவா?”

மெக்கானிக் எழுந்துபோய் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்தார். குடிக்காமல் அப்படியே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

இந்த டாக்டரம்மாவைக் கண்டுபிடிக்கவே அவருக்கு மூன்று வாரம் ஆனது. தங்கைக்கு வைத்தியம் பார்த்த ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம்தான். ஆனாலும் அந்தப் பக்கமே அவர் போகவில்லை. பழுது பார்க்கப் போன கட்டடங்களில் எல்லாம் வாய்விட்டு விசாரித்தார். “கிட்னி மாத்துறதுல அந்த அம்மாவை அடிச்சுக்க ஆளே இல்ல. உள்ளதை உள்ளபடி சொல்லிடுவாங்க” என்று ஒரு வாட்ச்மேன் சொன்ன பிறகுதான், இரண்டு பஸ் மாறி இங்கே வந்து சேர்ந்தார்.

இன்றைக்கு இரண்டாவது தடவை. முதல் தடவை, “பேஷண்ட் வரலையா?” என்று டாக்டரம்மா கேட்டார். “அவளால வர முடியாதுங்க” என்றார் மெக்கானிக். டாக்டரம்மா மேற்கொண்டு துருவவில்லை. தங்கையின் ஃபைலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அண்ணனுக்குச் செய்யவேண்டிய டெஸ்டுகளை மளமளவென்று எழுதிக் கொடுத்தார்.

ரிசல்ட் வரப் பத்து நாள் ஆனது. பத்து நாளும் அவர் வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டரம்மா இரண்டு பேருடைய ரிப்போர்ட்டையும் அருகருகே வைத்துப் பேனாவால் வரிவரியாகத் தொட்டுக்கொண்டே போனார். முகத்தில் மெல்லச் சிரிப்பு வந்தது.

“ரெண்டு பேருக்கும் ஒரே குரூப். உங்களுக்குச் சர்க்கரை இல்ல, பிரஷர் இல்ல. கிட்னி ரெண்டும் கல்லு மாதிரி இருக்கு. உடனே கல்லு இருக்குன்னு பயந்துடாதீங்க!”

மெக்கானிக் சிரிக்கவில்லை. “நான் நாள் முழுக்க ஏறி இறங்குற ஆளுங்க. ஒத்தக் கிட்னியோட அந்த வேலையெல்லாம் செய்ய முடியாதில்லீங்களா?”

“ஏன் முடியாது? மூணு மாசம் கனம் தூக்காம இருங்க. அப்புறம் எத்தனை மாடி வேணும்னாலும் ஏறலாம்.”

“கூடப் பொறந்தவங்களுக்குள்ளேயே பொருந்தாமப் போறதும் உண்டுன்னு சொல்றாங்களே டாக்டர்?”

“நிறைய உண்டு. ஆனா உங்க ரெண்டு பேர் திசுவுலயும் ஆறு பொருத்தம் பாத்ததுல ஆறுக்கு ஆறு ஒத்துப்போகுது. அண்ணன் தங்கச்சிக்குள்ளேயே நாலு பேர்ல ஒருத்தருக்குத்தான் இப்படி அமையும்.”

அவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். “நல்லாப் பாத்தீங்களா? எதுக்கும் இன்னொரு தடவை பாத்துடுங்களேன்.”

சந்தோஷத்தில் மனிதருக்குக் கை கால் ஓடவில்லை என்று நினைத்தார் டாக்டரம்மா. “நூறு தடவை பாத்தாலும் இதேதாங்க” என்றபடி ஃபைலின் பழைய தாள்களைத் திருப்பினார். ஒரு இடத்தில் விரல் நின்றது.

“இதென்ன, கிட்னி கொடுப்பவர்ங்கிற இடத்துல ‘அண்ணன்’னு எழுதிட்டு அடிச்சிருக்காங்க?”

தங்கையின் கையெழுத்து. குண்டுகுண்டாக, சின்ன வயதில் எழுதியது போலவே இருந்தது. அதன்மேல் இழுத்த கோடு மட்டும் நேராக இல்லை.

“அப்போ... வீட்டுல கொஞ்சம் யோசிச்சாங்க. எனக்கும் பயமா இருந்துச்சு.”

“பயப்படாத மனுஷன் யாரு? கடைசியில வந்துட்டீங்கல்ல, அது போதும்” என்றார் டாக்டரம்மா. “இது மட்டும் நல்லபடியா முடியட்டும், இன்னும் இருபது வருஷம் தாராளமா இருப்பாங்க. பிள்ளைங்க கல்யாணத்தையெல்லாம் நின்னு நடத்துவாங்க, பாருங்க.”

மெக்கானிக்கின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. துடைக்கவேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

டாக்டரம்மா குரலைத் தணித்துக்கொண்டார். “இன்னும் ஒரே ஒரு டெஸ்ட்தான் பாக்கி. ரெண்டு பேர் ரத்தத்தையும் கலந்து பாக்கணும், அதுக்கு அவங்க வந்தே ஆகணும். நடக்க முடியலேன்னா பரவாயில்ல, நானே வண்டி அனுப்பறேன். தங்கச்சி இப்ப எங்க இருக்காங்க, சொல்லுங்க.”

பேனாவைத் தாளில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். மெக்கானிக் கையை நீட்டித் தங்கையின் ஃபைலை மெல்ல மூடினார்.

“பொருந்தாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுவீங்கன்னு வந்தேன் டாக்டர்... அவ போயி ரெண்டு மாசமாச்சு.”