முப்பத்தெட்டுப் பொட்டுகள்

அந்தப் புதுப் போனின் முதுகில் இருந்த கண்கள் மூன்றா நான்கா என்பது இப்போது சரியாக நினைவில்லை. கடைக்காரன் தர்மிகன் அவற்றை எண்ணிக் காட்டிய விதம் மட்டும் நினைவிருக்கிறது. பிறந்த குழந்தையின் விரல்களைச் சரிபார்க்கும் தாதியைப் போல ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினான்.

"போன கிழமைதான் வந்தது அண்ணை. இந்த ரவுணிலயே முதலாவது போன் உங்கட கையிலதான்."

கோணாமலை போனைப் புரட்டிப் பார்த்தார். சல்லி மீனவக் கிராமத்தில் சொந்தப் படகு வைத்திருக்கும் மனிதர். காலையில் மீனைக் கொடுத்துவிட்டு, பழைய போனின் வெடித்த கண்ணாடியை மாற்றத்தான் கடைக்கு வந்திருந்தார். அரை மணி நேரமாகக் கதிரையை விட்டு அசையவில்லை.

"இதால நிலாவைக்கூடக் கிட்டவாப் படம் எடுக்கலாம்."

"எடுத்து?"

 எடுத்து என்ன செய்வது என்று போனைச் செய்தவர்கள் தர்மிகனுக்குச் சொல்லித் தரவில்லை.

"பழசு நல்லாத்தானே கதைக்குது தம்பி. நீர் கண்ணாடியை மட்டும் மாத்தும். ஆனா கவனம், உள்ளுக்குப் பொட்டுகள் கிடக்குது."

அவர் போனைத் திறந்து காட்டினார். கடல் வரைபடம். நீலத்தின் மேல் அங்கங்கே சிவப்புப் பொட்டுகள்.

"முப்பத்தெட்டு. ஆறு வருசமாக் குறிச்சது. ஒவ்வொரு பொட்டுக்கும் நான் குடுத்த விலை எனக்குத்தான் தெரியும். இதில ஒண்டு துலைஞ்சாலும் என்ர தொழில் போச்சு."

தர்மிகன் பொட்டுகளின் மேல் குனிந்தான். அவனுடைய தங்கை தனுஷிகாவின் கணவன் மதுசன், அவள் சங்கிலியை அடகு வைத்துப் புது வலை வாங்கியிருந்தான். மூன்று கிழமையாகக் கடலுக்குப் போய் ஐஸ் உருகிய தண்ணீரோடு வருகிறான். சங்கிலி எப்போது திரும்பும் என்று தனுஷிகா தினமும் சோற்றோடு சேர்த்துக் கேட்கிறாள். கோணாமலையின் பெட்டியோ ஒரு நாளும் நிரம்பாமல் கரை ஏறியதில்லை. எப்படி என்று சல்லி முழுவதும் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்குப் பதில், இதோ, மேசையில் சிவப்புச் சிவப்பாகக் கிடந்தது.

அந்தக் கணத்தில் தர்மிகன் வாடிக்கையாளர்மீது பெரும் அக்கறை கொண்டவனானான்.

"கண்ணாடியைக் கழட்டினா பொட்டெல்லாம் அழிஞ்சாலும் அழியும் அண்ணை."

"ஐயோ. அப்ப புதுசுக்கு மாறினா?"

"ஒரு சொட்டுச் சிந்தாம அப்பிடியே ஊத்தி விடுவன். பழசுக்கும் நல்ல விலை தாறன்."

பொட்டுகளோடு போன் தன் கைக்கு வர அவன் சொன்ன விலைக்கு, அதே போனைப் புதிதாகவே வாங்கலாம். வெடித்த போனுக்கு ஏன் இவ்வளவு என்று கோணாமலை கேட்கவில்லை. மனிதர் யோசனையில் இறங்கிவிட்டார். வெளியே கிண்ணியா பஸ் ஆள் கூப்பிட்டது, நிரம்பியது, போனது. அடுத்த பஸ்ஸும் வந்து கூப்பிடத் தொடங்கியது.

"வேற ஆரும் இந்தப் பொட்டுகளைப் பார்க்க ஏலுமோ?"

"கோணேசர் சத்தியமா ஏலாது அண்ணை."

"அப்ப மாத்தும்."

தர்மிகன் ஒரு மணித்தியாலம் கேட்டான். அவர் தேத்தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில், பொட்டுகள் முதலில் மதுசனின் போனுக்கும் பிறகு புதுப் போனுக்கும் போய்ச் சேர்ந்தன. பொட்டுகளின் சொந்தக்காரருக்குத்தான் இரண்டாம் இடம்.

மறுநாள் மதுசன் முதலாவது பொட்டில் வலை விட்டான். பாதி வலைதான் மேலே வந்தது.

"அத்தான், கீழ முழுக்கக் கல். வலை கிழிஞ்சு போச்சு."

"கல்லில்லாத இடத்தில மீன் நிக்குமோடா? நீ விட்ட விதம் பிழை. மற்றப் பொட்டுக்குப் போ," என்றான் தர்மிகன். அவனுக்குக் கடல் அனுபவம் உண்டு. கடை வாசலில் நின்றால் மணம் வரும்.

இரண்டாவது பொட்டில் ஏதோ பழைய கப்பலின் இரும்பு இன்னொரு பங்கை எடுத்துக்கொண்டது. மூன்றாவதில் மிதவைகள் மட்டும் திரும்பி வந்தன. முப்பத்தைந்து பொட்டுகள் மீதமிருந்தன. வலைதான் இல்லை.

இரண்டு மாதம் போயிற்று. மதுசன் இப்போது கோணாமலையின் படகிலேயே கூலிக்குப் போகிறான். தனுஷிகா வெறுங்கழுத்தோடு இருக்கிறாள். சங்கிலியைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டாள், வேறு எதையும் கேட்பதில்லை. தர்மிகன் அடுத்து வந்த புதுப் போனின் கண்களை எண்ணிக் காட்டிக்கொண்டிருக்கிறான்.

ஒரு நாள் கோணாமலை கடைக்கு வந்தார். கையில் தேங்காய் அளவு தலையோடு ஒரு பாரை மீன்.

"பிடியும் தம்பி. நீர் பொட்டு ஒண்டும் சிந்தாம மாத்தித் தந்ததுக்கு." மீனை மேசையில் வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தார். "உம்மட மச்சான் நல்ல வேலைக்காரன். ஆனா அவன்ர வலை எந்த இடத்தில கிழிஞ்சதெண்டு கேட்டா வாய் திறக்கிறானில்லை. நீராவது கேட்டுச் சொல்லும்."

"அது... ஏன் அண்ணை?"

கோணாமலை புதுப் போனை எடுத்துத் திறந்தார்.

"அதையும் ஒரு பொட்டாப் போடத்தான். மீன் பட்ட இடம் எனக்கு மறக்காது தம்பி, வலை கிழிஞ்ச இடந்தான் மறந்து மறந்து போகுது."