புகை போகும் வழி

“மெஷின் மாட்றது உங்க இஷ்டம் மாப்ள. பாப்பாவ நான் எங்க ஊருக்கு, சுண்ணாம்புக்குளத்துக்குத் தூக்கினு போறேன். அவ்ளோதான்.”

பெருமாள் சொட்டும் குடையை மடக்காமலே சொன்னார்.

“உக்காருங்க மாமா” என்றான் இளங்கோவன். அவர் உட்காரவில்லை.

அவர் மகள் வினோதினி பிரசவத்தோடு கண்ணை மூடிவிட்டாள். குழந்தை மகிழினி இளங்கோவனிடம் இருந்தாள். ஐப்பசி பிறந்ததிலிருந்து மழை விடவில்லை. ஏரிக்கரை வீட்டில் துணி என்று எதுவும் காயவில்லை. ஈரத்துணி சுற்றிச் சுற்றிக் குழந்தைக்கு நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரிக்கும் போய் வந்தாயிற்று. அந்தச் சேதி மாமனார் வீடு வரை போயிருந்தது.

அதற்காகத்தான் இந்த மெஷின். கேஸில் ஓடித் துணியை உலர்த்துவது. மூடிப்போன ஒரு லாட்ஜிலிருந்து வந்தது. கரண்டில் ஓடுவதையே வாங்கியிருக்கலாம். ஆனால் குப்பத்து வோல்டேஜில் டியூப்லைட்டே யோசித்துத்தான் எரியும்.

பழவேற்காட்டில் மெக்கானிக் கடை வைத்திருக்கும் தௌஃபீக், பின்பக்க வராந்தாவில் சுவரைத் துளைத்துக்கொண்டிருந்தான்.

“சுவத்த எதுக்கு ஒடைக்கிற பாய்?” என்று கேட்டார் பெருமாள்.

“புகை வெளிய போவணும் நைனா. உள்ள நின்னா ஆளையே கொன்னுடும். அதுக்கு வாசனையும் கெடையாது, நெறமும் கெடையாது.”

“அப்ப எப்பிடிக் கண்டுபுடிக்கறது?”

“கண்டுபுடிக்க முடியாது. அதுக்குத்தான் ஓட்டை.”

பெருமாள் ஓட்டைக்குள் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தார். “வாடைக்காத்து அடிச்சா திரும்பி உள்ள வராதா?”

“காத்து அந்தாண்ட, ஓட்டை இந்தாண்ட. வெளிய ஒரு மூடி வேற வருது. மெஷின் ஓடுனா தெறக்கும், நின்னா மூடிக்கும்.”

“பக்கத்து ரூம்ல யாரு படுக்கறது?”

“யாரும் இல்ல மாமா. சும்மாதான் கெடக்கு” என்றான் இளங்கோவன்.

“சன்னல் தெறக்குமா?”

“தெறக்கும்.”

பெருமாள் போய்த் திறந்து பார்த்தார். திறந்தது. அதிலும் அவர் முகத்தில் திருப்தி இல்லை.

இளங்கோவனுக்குப் புரிந்தது. ஒரே ஒரு குறை கிடைத்தால் போதும், குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். எதிர்த்துப் பேச அவனிடம் தெம்பு இல்லை. இப்போதைக்கு மெஷின்தான் அவன் வக்கீல்.

தௌஃபீக் அலுமினியக் குழாயை ஓட்டையில் சொருகினான். சிலிண்டரை நிமிர்த்தி வைத்து, டியூபை மாட்டினான்.

“எலி கடிச்சா?” என்றார் பெருமாள்.

“உள்ள கம்பி வெச்ச டியூப்பு நைனா. கடிச்சா எலிக்குத்தான் பல்லு போவும்.”

பிறகு சோப்புத் தண்ணீரை இணைப்புகளில் தடவினான். “பாத்துக்குங்க சார். கொமிழி வந்தா லீக்கு. வரல.”

“மூக்குல தெரியாதா இன்னா?”

“இந்த மழையில ஊரு பூரா காயாத கருவாடு. மூக்க நம்பினா குப்பமே லீக்குதான்.”

வேறு நாளாக இருந்தால் இளங்கோவன் சிரித்திருப்பான். தலையை மட்டும் ஆட்டினான்.

“அப்பறம், டீசல் பட்ட துணிய மட்டும் உள்ள போட்டுடாதீங்க. பத்திக்கும்.”

பெருமாள் தன் லுங்கியைக் குனிந்து பார்த்துக்கொண்டார். படகு இன்ஜின் கறை முழங்கால் வரை இருந்தது.

“தொவைச்சிட்டுப் போட்டா?”

“தொவைச்சாலும் டீசல் போவாது.”

“அப்ப லுங்கிய கொடியிலயே போட்டுக்கணும்” என்றார் பெருமாள், யாருக்கோ ஞாபகப்படுத்துவதுபோல.

தௌஃபீக் பொத்தானை அழுத்தினான். குழந்தையின் ஈரத் துணிகள் உள்ளே உருண்டன. மூவரும் மெஷினைப் பார்த்தபடி நின்றார்கள். வெளியே போய்க் குழாய் வாயில் கையை நீட்டிப் பார்த்துவிட்டு வந்தார் பெருமாள்.

“வெளியதான் வருது” என்றார்.

மெஷின் நின்றது. பெருமாள் ஒரு சின்னச் சட்டையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். வெகுநேரம் அதைக் கன்னத்திலிருந்து எடுக்கவில்லை.

“காஞ்சிடுச்சி.”

“பாப்பா இங்கியே இருக்கட்டும் மாமா.”

“இருக்கட்டும்.”

சம்மதம் அவ்வளவு சுலபமாக வரும் என்று இளங்கோவன் எதிர்பார்க்கவில்லை. தௌஃபீக் சாமான்களைக் கட்டிக்கொண்டு போனான். பெருமாள் கிளம்பவில்லை. தூளிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார். சும்மா கிடந்த அறையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

இளங்கோவன் வாசலுக்கு வந்து மாமியாருக்குப் போன் போட்டான். குழந்தைக்காக அங்கே காத்திருப்பாள்.

“அத்தை, பாப்பாவ அனுப்பல. இங்கியே துணி காயுது. மாமாவும் சரின்னுட்டாரு.”

மறுமுனையில் ஒரே இரைச்சல். யாரோ தட்டுகளை அடுக்கினார்கள்.

“பாப்பாவ அனுப்பறதா? எங்க அனுப்புவீங்க மாப்ள?” என்றாள் சரோஜா. “நேத்து ராத்திரி காத்துல வூடு மொத்தமா போயி, நாங்க பள்ளிக்கூடத்துலல்ல படுத்துனுகீறோம். உங்க வூட்ல ஒரு ரூம் கேட்டுனு வரேன்னுதான் கெளம்புனாரு. பொண்ணு இல்லாத வூட்ல கேக்க வாய் வராம, வேற ஏதாச்சும் ஒளறிட்டாரா?”